மாப்பிள்ளைப் பரீட்சை

என் அக்காவுக்கு வாய்த்த மனிதரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்லிவிட்டு அப்புறம் தொடங்கலாம் என்று பார்த்தேன். கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். குடிக்க மாட்டார், சீட்டாட மாட்டார். அதற்கு மேல் எவ்வளவு யோசித்தும் ஒன்றும் வரவில்லை. மீதியெல்லாம் இங்கிலீஷ்தான்.

இங்கிலீஷ் என்றால் முழு இங்கிலீஷ் என்று நினைத்துவிடாதீர்கள். அந்தப் பாஷையில் ஒரு கதையையோ ஒரு பேப்பரையோ அவர் ஆசையாகப் படித்து நான் கண்டதில்லை. அதில் ஒரே ஒரு சங்கதியைப் பிடித்துக்கொண்டு ஆயுசு முழுவதும் தொங்கினார். அதற்குப் பெயர் பாஸ்ட் பார்ட்டிசிபிளாம். உடைந்த நாற்காலி, வெந்த சோறு, தோய்த்த வேட்டி என்று நாம் சொல்வதில்லையா, முடிந்துபோன காரியத்தை ஒரு பொருளுக்கு அடைமொழியாக வைத்து? அதை இங்கிலீஷில் பிசகாமல் சொல்வதுதான் மனிதப் பிறவியின் பயன் என்பது அவர் எண்ணம். நாற்காலி உடைந்திருந்தால் புரோக்கன் சேர். யாராவது புரோக் சேர் என்று சொல்லிவிட்டால் அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்காது. களைத்துப்போனவன் டயர்ட். அடுத்தவனைக் களைக்க வைக்கிறவன் டயரிங். இந்த இரண்டையும் மாற்றிச் சொன்னவனை அவர் ஒரு ஆளாகவே மதிக்க மாட்டார். நான் படித்தது தமிழ் மட்டும்தான், அதுவும் அரைகுறை. எனக்கே இவ்வளவு தெரிகிறது என்றால் அந்த வீட்டில் எவ்வளவு கேட்டிருப்பேன் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

பெரம்பலூரில் ஒரு சர்க்கார் ஆபீஸில் அவர் குமாஸ்தா. நான் வாழ்க்கைப்பட்டது அடுத்த தெருவில். அதனால் தினம் ஒரு தடவையாவது அக்காவைப் பார்க்கப் போய்விடுவேன். போனால் அவரும் இருப்பார், வேறு வழி?

ஒரு நாள் கொல்லையில் கிணற்றடிப் பாசியில் கால் வைத்தார். கைப்பிடிச் சுவரைப் பிடிக்கப் பார்த்தார், கிடைக்கவில்லை. அக்கா அடுப்படியிலிருந்து, “ஐயையோ, விழுறாரே, விழுறாரே” என்று கத்திக்கொண்டு ஓடினாள். நானும் பின்னாலேயே ஓடினேன். மனுஷன் வானத்தைப் பார்த்து மல்லாந்து கிடக்கிறார். கிடந்தபடியே அக்காவைப் பார்த்து விரலை ஆட்டினார்.

“விழுறாரே இல்ல. விழுந்தாச்சு. ஃபாலன். ஃபாலன் மேன்னு சொல்லணும்.”

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அக்கா என்னை முறைத்துவிட்டு அவரைத் தூக்கி உட்கார வைத்தாள். அப்புறம் பல நாள் அவர் இடுப்புக்கு நல்லெண்ணெய் காய்ச்சித் தேய்த்துவிட்டாள். அவள் தேய்க்கத் தேய்க்க, மரத்திலிருந்து விழுந்துகொண்டிருக்கும் இலைக்கும் விழுந்து தரையில் கிடக்கும் இலைக்கும் இங்கிலீஷில் என்ன வித்தியாசம் என்று அவர் சொல்லிக்கொண்டே குப்புறப் படுத்திருப்பார். அக்கா “ம்” கொட்டுவாள். இடுப்பு வலிக்கிற நேரத்திலாவது வாய் ஓயும் என்று நான் எதிர்பார்த்தேன். வலியெல்லாம் இடுப்போடு நின்றுவிட்டது, வாய்க்கு வரவில்லை.

இடம் பொருள் என்று ஒன்று உண்டு அல்லவா, அதெல்லாம் அவருக்குக் கிடையாது. எதிர்வீட்டுப் பெரியவர் செத்துப்போனபோது அவருடைய மகனின் சிநேகிதர் ஒருவர் அரியலூரிலிருந்து சேதி கேட்டு ஓடி வந்தார். வந்தவர் பாவம், துக்கத்தில் தமிழ் வராமல், “ஐ ஆம் வெரி ஷாக்கிங்” என்று மகனின் கையைப் பிடித்துக்கொண்டு விம்மினார். நம் ஆள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார்.

“ஷாக்டு. அதிர்ச்சி உங்களுக்குத்தானே? உங்களைப் பாத்து நாங்க அதிர்ச்சியானாத்தான் நீங்க ஷாக்கிங்.”

நடுக்கூடத்தில் பிணம் கிடக்கிறது. பெண்கள் ஒப்பாரியை நிறுத்திவிட்டு இவரைப் பார்க்கிறார்கள். அழுதுகொண்டிருந்த அந்த சிநேகிதர் முகத்தில் ஈயாடவில்லை. என் புருஷன் இவர் தோளைப் பிடித்து, “அண்ணே, வாங்க, வெளியில போயிப் பேசலாம்” என்று தள்ளிக்கொண்டு போனார். வெளியில் போயும் ஒரு நாழிகை பேசினார், பாடை கட்டுகிறவர்களிடம். அன்றைக்கு எனக்கு வந்த எரிச்சலில் அந்த மூங்கிலை எடுத்து இரண்டு போட்டிருப்பேன்.

ஆபீஸிலும் இந்தக் கூத்துதான். ஜமாபந்திக்கு, அதாவது வருஷா வருஷம் வரிக் கணக்குப் பார்க்கிற முகாமுக்கு, வெள்ளைக்கார துரை ஒருவர் வந்திருந்தார். இவருடைய மேலதிகாரி துரைக்கு மாலை போட்டு, ஜனங்கள் எல்லோரும் உங்களைக் காண ஆவலாக இருக்கிறார்கள் என்பதை இங்கிலீஷில் சொல்லியிருக்கிறார். ‘எக்ஸைட்டிங்’ என்று வந்துவிட்டது வாயில். துரை கேட்டும் கேட்காதவர் போல் தலையை ஆட்டினார். அத்தோடு போயிருக்கும். கட்டுக் கட்டாகக் கணக்குகளைத் தூக்கிக்கொண்டு பின்னால் நின்ற நம் ஆள், “எக்ஸைட்டட், சார்” என்றாராம். துரை கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டார். முகாம் முடிந்த மறுநாளே மேலதிகாரி இவரைப் பழைய கட்டுகள் வைக்கிற அறைக்குத் தூக்கிப் போட்டார். கரையானுக்கும் வௌவாலுக்கும் நடுவில் போய் உட்கார்ந்தார். இவருக்குப் பின்னால் வந்தவர்களெல்லாம் உத்தியோகத்தில் மேலே போனார்கள்.

வீட்டுக்கு வந்து அக்காவிடம் கேட்டார், “நான் சொன்னதுல என்ன தப்பு?”

“ஒரு தப்பும் இல்லைங்க.”

என் அக்கா செய்த பாவம் அதுதான். வாழ்க்கைப்பட்டு வந்த நாள் முதலாக அந்த ஒரே பதிலைச் சொல்லிச் சொல்லி அவரைக் கெடுத்து வைத்தாள். நான் அவள் இடத்தில் இருந்திருந்தால் உப்பில்லாமல் ஒரு வாரம் சமைத்துப் போட்டிருப்பேன்.

இதுவரைக்கும் சொன்னதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற சமாசாரம். அவருக்கு ஒரே பெண், தனம். அவள் கல்யாணப் பேச்சு வந்தபோதுதான் எங்களுக்குச் சிரிப்பு நின்றது.

தனம் அதிகம் பேசாதவள். வாயைத் திறந்தால் திருத்தம் வரும் என்று சின்ன வயதிலேயே தெரிந்துகொண்டு, தேவைக்கு மேல் பேசுவதையே விட்டுவிட்டாள். வேலையில் அப்படி ஒரு சுறுசுறுப்பு. நிறம் மட்டு என்றாலும் முகத்தில் ஒரு களை இருக்கும். நல்ல குடும்பம், நல்ல பெண், வரன்கள் தானாகவே வந்தன. வந்தவர்களைத் துரத்தும் வேலையைத் தகப்பன் பார்த்துக்கொண்டார்.

எங்கள் பக்கத்து வழக்கத்தை இங்கே சொல்லிவிட வேண்டும். பெண் பார்க்க வருகிறவர்கள் வெற்றிலை பாக்கு எடுத்துக்கொள்வார்கள், வறுத்த கடலை தின்பார்கள், மோர் குடிப்பார்கள். சோற்றில் கை வைக்க மாட்டார்கள். பெண் வீட்டில் சமைத்துத் தயாராக இருக்கும். சம்மதம் என்றால்தான் இலையில் உட்காருவார்கள். கை நனைக்கிறது என்று அதைச் சொல்வோம். மாப்பிள்ளை கை நனைத்துவிட்டால் சம்பந்தம் முடிந்தது என்று அர்த்தம். அதற்கப்புறம் எந்தப் பக்கம் பின்வாங்கினாலும் ஊரில் தலைகாட்ட முடியாது. கை நனைக்காமல் எழுந்து போனார்கள் என்றால் அதுவும் நாலு ஊருக்குப் போய்ச் சேர்ந்துவிடும். அந்த வீட்டில் ஏதோ குறை என்று பேசுவார்கள். குறை என்றால் பெண்ணிடம் என்றுதான் பேசுவார்கள், தகப்பனிடம் என்று எவன் பேசினான்?

முதலில் வந்தவன் அரியலூர் ஸ்டேஷனில் தந்தி அடிக்கிற பையன். யுத்த காலம், பெட்ரோல் கிடையாது. கரிப் புகையில் ஓடுகிற பஸ்ஸில் மூச்சு முட்ட வந்து இறங்கினான். நம் ஆள் இங்கிலீஷில் பிரயாணத்தைப் பற்றி விசாரித்தார். “ஐ ஆம் வெரி டயரிங், சார்” என்றான் பையன். அவ்வளவுதான். “ஆமா, அது எனக்கு இப்பவே தெரியுது” என்று சொல்லிவிட்டு வெற்றிலைத் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். அவர்கள் புரியாமல் முழித்துவிட்டு எழுந்து போனார்கள்.

அடுத்து ஒரு பண்டகசாலைக் குமாஸ்தா வந்தான். பையன் கும்பிட்டுவிட்டு, “ஐ ஆம் ப்ளீசிங் டு மீட் யூ” என்றான். உங்களைச் சந்தித்ததில் சந்தோஷம் என்று சொல்ல நினைத்திருக்கிறான்.

“நீ பாக்க இனிமையா இருக்கியா இல்லையான்னு நாங்கல்ல சொல்லணும்?” என்று கேட்டார் இவர்.

பையனின் தாயார் பெண்ணைக் கூடப் பார்க்காமல் வண்டியில் ஏறிவிட்டாள்.

திருச்சியிலிருந்து ஒரு பி.ஏ. வந்தான். கேட்டதற்கெல்லாம் சரியாகச் சொன்னான். அப்பாடா என்று அக்காவும் நானும் அடுப்படியில் கும்பிடு போட்டோம். மனுஷனுக்குத் தலைகால் புரியவில்லை. தனத்தைக் கூப்பிடவே மறந்துவிட்டார். தட்டைக் கையில் வைத்துக்கொண்டு அவள் கதவுக்குப் பின்னால் நிற்கிறாள். இவர் பேசுகிறார், பேசுகிறார். கடைசி பஸ் போய்விடும் என்று அந்தப் பையன் கெஞ்சாத குறையாக எழுந்து ஓடினான். பிற்பாடு தரகர் வந்து, “பொண்ணு வேணாங்கலைங்க. இந்த மாமனாரை வச்சுக்கிட்டுக் காலம் தள்ள முடியாதுங்கறாங்க” என்றார். அந்தப் பி.ஏ. புத்திசாலி என்று அன்றைக்கே எனக்குத் தெரிந்துவிட்டது.

இப்படியே போனது. ஒவ்வொரு தடவையும் அக்கா ரேஷன் அரிசியில் சிறுகச் சிறுக மிச்சம் பிடித்து, வருகிறவர்களுக்காக வடித்து வைப்பாள். அவர்கள் கை நனைக்காமல் போய்விடுவார்கள். அந்தச் சோற்றை நாங்களே ராத்திரிக்கும் மறுநாளைக்கும் தின்று தீர்ப்போம். தனம் தலையிலிருந்து பூவை எடுத்து மாடத்தில் வைத்துவிட்டுப் பாத்திரம் தேய்க்க உட்கார்ந்துவிடுவாள். அவளைவிடச் சின்னப் பெண்களெல்லாம் இடுப்பில் பிள்ளையோடு தாய்வீட்டுக்கு வந்துகொண்டிருந்தார்கள். தெருவில் பேச்சு மாறிவிட்டது. அந்தப் பெண்ணுக்குக் காது சரியாகக் கேட்காதாம், அதனால்தான் பேசுவதில்லையாம் என்று ஒருத்தி கிளப்பிவிட்டாள். வரன் வருவது குறைந்து, அப்புறம் நின்றே போனது.

அக்கா அழுதால் அவர் ஒன்றே ஒன்றுதான் சொல்வார். “தகுதியானவன் வருவான். பேசிப் பாத்தா ஒரு வார்த்தையில கண்டுபிடிச்சுடுவேன் நான்.”

எவனுடைய தகுதியைக் கண்டுபிடிக்க இவர் யார்? கரையான் அரித்த கட்டுகளைத் தட்டி வைக்கிற ஆள்!

கடைசியில் என் புருஷன் வழியில் ஒரு இடம் வந்தது. வாலிகண்டபுரத்துக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமம். பையன் பெயர் கலியபெருமாள். கடலையும் பருத்தியும் போடுகிற குடும்பம், சொந்தக் கிணறு. பையன் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் பாரம், அதாவது எட்டாவது, வரைக்கும் போய்விட்டு, தகப்பனாருக்கு உடம்பு முடியாமல் போனதும் ஏர் பிடிக்க வந்துவிட்டான். தெருவில் கிளம்பிய வதந்தி அவர்கள் காதுக்கும் போயிருந்தது. அதையும் மீறி வருகிறோம் என்று சொல்லி அனுப்பினார்கள். இதை விட்டால் இன்னொன்று வராது என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

முந்தின நாள் தனம் கடலை வறுத்துக்கொண்டே என்னிடம் சொன்னாள், “சித்தி, இதுவும் கெட்டுப்போச்சுன்னா இனிமே நான் தட்டைத் தூக்கிக்கிட்டு வரமாட்டேன். யாரு கூப்பிட்டாலும் வரமாட்டேன்.”

அவள் சொன்னால் செய்வாள். நேரே போய் அவர் முன்னால் நின்றேன்.

“மாமா, உங்களைக் கையெடுத்துக் கும்பிடறேன். நாளைக்கு ஒரு பொழுது இங்கிலீஷை எடுக்காதீங்க. அவங்க வெள்ளாமைக்காரங்க. வாங்கன்னு சொல்லுங்க, வெத்திலை குடுங்க, சும்மா இருங்க. உங்களுக்குப் புண்ணியமா போவும்.”

“நான் ஏன் பேசறேன்? மூணாம் பாரம் படிச்சவன்கிட்ட எனக்கு என்ன பேச்சு?” என்றார். அதையும் அவர் ஏளனமாகத்தான் சொன்னார். பேசாமல் இருந்தால் சரி என்று நான் வந்துவிட்டேன்.

மறுநாள் கூண்டுவண்டியில் வந்தார்கள். கலியபெருமாள், தகப்பனார், தாயார், தாய்மாமன். நல்ல வெயில். பையன் வண்டியை விட்டு இறங்கியதும் மாடுகளை அவிழ்த்து நிழலில் கட்டி, தண்ணீர் காட்டிவிட்டுத்தான் உள்ளே வந்தான். அதைக் கதவு இடுக்கில் தனம் பார்த்துக்கொண்டிருந்தாள், நான் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அன்றைக்கு அவள் முகம் நன்றாக இருந்தது.

எல்லாம் ஒழுங்காகத்தான் போனது. நம் ஆள் உம்மென்று உட்கார்ந்திருந்தார். தனம் கடலையும் மோரும் கொண்டுவந்து வைத்துக் கும்பிட்டாள். பையனின் தாயார் அவளைப் பக்கத்தில் கூப்பிட்டு, கையைப் பிடித்து, பேர் கேட்டாள், சமைப்பாயா என்று கேட்டாள். தனம் நன்றாக வாய்விட்டுப் பதில் சொன்னாள். காது கேட்கிறது, பேச்சு வருகிறது. தாயார் தன் புருஷனைப் பார்த்துத் தலையசைத்தாள். அக்கா உள்ளே ஓடி வாழை இலையைத் துடைக்க ஆரம்பித்தாள்.

அந்த நேரத்தில் தகப்பனார், மனுஷர் நல்லவர், சும்மா உட்கார்ந்திருக்கும் சம்பந்தியைப் பேச்சில் இழுப்போமே என்று நினைத்து, “எங்க பையனும் கொஞ்சம் இங்கிலீசு படிச்சவந்தானுங்க” என்றார்.

போச்சு! நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

நம் ஆள் நிமிர்ந்து உட்கார்ந்தார். “அப்படியா? தம்பி, எனக்கு விவசாயத்துல ஈடுபாடு உண்டுன்னு இங்கிலீஷ்ல சொல்லு, பாப்போம்.”

“மறந்துபோச்சுங்க” என்றான் கலியபெருமாள். சங்கடப்படவும் இல்லை, இளிக்கவும் இல்லை.

அத்தோடு விட்டிருக்கலாமே? விடவில்லை. தட்டிலிருந்து ஒரு கடலையை எடுத்தார். இது முழுசு என்றார். நெரித்து உடைத்து, இது புரோக்கன் என்றார். ஈடுபாடு உள்ளவன் இன்ட்ரஸ்ட்டட், அதை உண்டாக்குகிறவன் இன்ட்ரஸ்ட்டிங் என்றார். “எங்க, சொல்லு. ஐ ஆம் இன்ட்ரஸ்ட்டட்.” பையன் தன் தகப்பனைப் பார்த்துவிட்டு, பெரியவர் கேட்கிறாரே என்று ஒரு தடவை சொன்னான். உச்சரிப்பு சரியில்லை, மறுபடியும் சொல் என்றார். மறுபடியும் சொன்னான். இன்னொரு தடவை என்றார். பெண் பார்க்க வந்தவனை, பெண்ணுக்கு முன்னாலேயே, சிலேட்டுப் பலகையைப் பிடித்த பிள்ளை மாதிரி சொல்ல வைக்கிறார். எனக்கு உடம்பெல்லாம் கூசியது.

தாய்மாமன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். “ஏனுங்க, பொண்ணு பாக்க வந்தமா, பரீட்சை எழுத வந்தமா?”

“கேட்டதுல ஒண்ணும் தப்பில்லையே. அன்எஜுகேட்டட். அதுவும் பாஸ்ட் பார்ட்டிசிபிள்தான்” என்றார் இவர், கடலைத் தோலை ஊதிக்கொண்டே.

“என்னடா சொல்றாரு?” என்று தாய்மாமன் கேட்டார்.

கலியபெருமாள் எழுந்து நின்றான். “படிக்காதவன்னு சொல்றாரு, மாமா. உள்ளதைத்தான் சொல்றாரு. வாங்க போவலாம்.”

தாயார் தனத்தின் கையை விட்டாள். விட மனமில்லாமல்தான் விட்டாள், அது எனக்குத் தெரிந்தது. எல்லோரும் வெளியே போனார்கள். பையன் மாடுகளை அவிழ்க்கப் போனான். அக்கா கையில் இலையோடு அடுப்படி வாசலில் அப்படியே நின்றாள். “ஏங்க, அவங்களைக் கூப்பிடுங்க. ஒரு வார்த்தை சொல்லுங்க” என்றாள். அவர் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தார்.

“போவட்டும் விடு. இவனைவிட நல்லவனா வருவான்.”

நான் அவரைத் திட்ட வாயைத் திறந்தேன். என்னைத் தாண்டி யாரோ போனார்கள். தனம்தான். அம்மா கையிலிருந்த இலையை வாங்கிக்கொண்டாள். அண்டாவில் ஒரு சொம்புத் தண்ணீர் மொண்டாள். யாரையும் பார்க்கவில்லை. நேரே வாசல் வழியாக வெளியே போனாள்.

பெண் பார்த்துவிட்டுப் போகிறவர்களின் வண்டிக்குப் பின்னால் பெண் போவதா? எங்கள் பக்கத்தில் அப்படி ஒருத்தி போனதாக நான் கேள்விப்பட்டதே இல்லை. நானும் பின்னால் ஓடினேன். அவர்கள் நுகத்தடியைத் தூக்கிவிட்டார்கள். தனம் கலியபெருமாளுக்கு நேராகப் போய் நின்றாள்.

“வெயில்ல வந்திருக்கீங்க. பசியோட போவ வேணாம். கையைக் கழுவிக்கிட்டு உள்ள வந்து உக்காருங்க.”

குரல் தடுமாறவில்லை. தாய்மாமன், “அதெப்படிம்மா...” என்று ஆரம்பித்தார். உள்ளேயிருந்து, “தனம்! உள்ள வா!” என்று சத்தம் வந்தது. அவள் திரும்பவில்லை. இவன் இப்போது மாட்டைப் பூட்டினான் என்றால் அவள் கதை முடிந்தது. வலிய வந்து கூப்பிட்டும் வேண்டாமென்று போனார்கள் என்று ஊர் சிரிக்கும். அவளுக்கும் அது தெரியும், தெரிந்துதான் வந்திருந்தாள். மாரியாத்தா, மாரியாத்தா என்று வாய் தானாக முணுமுணுத்தது.

கலியபெருமாள் தன் அம்மாவைப் பார்த்தான். அந்த அம்மாள் தனத்தின் கையிலிருந்த இலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் நுகத்தடியைக் கீழே வைத்தான். இரண்டு கையையும் நீட்டினான். தனம் தண்ணீர் ஊற்றினாள்.

அவனைக் கொல்லை வழியாக அழைத்துவந்து அடுப்படியை ஒட்டின தாழ்வாரத்தில் உட்கார வைத்தாள். அவளே இலை போட்டாள், அவளே சோறு வைத்தாள், அவளே குழம்பு ஊற்றினாள். அக்காவும் நானும் கையைப் பிசைந்துகொண்டு நின்றோமே தவிர எங்களுக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. அவன் குனிந்து பிசைந்து ஒரு கவளம் வாயில் வைத்தான். அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

கூடத்திலிருந்து நம் ஆள் எழுந்து வந்தார். தாழ்வாரத்து வாசற்படியில் வந்து நின்றார். இலையைப் பார்த்தார், அவன் கையைப் பார்த்தார். அதற்கு என்ன அர்த்தம் என்று அவருக்கும் தெரியும், அவரும் இந்த ஊர்க்காரர்தானே. வாயைத் திறந்தார்.

“தம்பி, நான் சொல்ல வந்தது என்னன்னா...”

“அப்பா,” என்றாள் தனம். கையில் ரசச் சட்டி. “அவரு சாப்பிடறாரு. வழியை விடுங்க.”

அவள் தன் அப்பாவிடம் அப்படிப் பேசி அதற்கு முன்னால் நான் கேட்டதில்லை. கோபமாகக் கூடச் சொல்லவில்லை. வழியில் கிடக்கிற மணையை நகர்த்தச் சொல்வது மாதிரி சொன்னாள். அவர் சுவரோரம் நகர்ந்தார். அவள் தாண்டிப் போய் இலையில் ரசம் ஊற்றினாள்.

மற்றவர்களும் உள்ளே வந்தார்கள். பையன் கை நனைத்த பிறகு அவர்கள் வண்டியில் உட்கார்ந்திருந்து என்ன செய்ய? தாயார் தனத்தின் கன்னத்தைத் தடவிவிட்டு உட்கார்ந்தாள். தாய்மாமன் முனகிக்கொண்டே உட்கார்ந்து, குழம்பை வாயில் வைத்ததும் முனகலை நிறுத்தினார். தகப்பனார் மட்டும் இலையில் கை வைக்காமல் பக்கத்து இடத்தைத் தட்டிக் காட்டி, “வாங்க சம்பந்தி, நீங்களும் உக்காருங்க” என்று கூப்பிட்டார். அத்தனை பேச்சுக்கும் அப்புறம் அந்த மனிதர் அப்படிக் கூப்பிட்டார்.

நம் ஆள் சுவரோரமே நின்றார். கையில் மடித்த வெற்றிலை இருந்தது. அதை வாயில் போடவும் இல்லை, கீழே வைக்கவும் இல்லை.

“மாமா, உங்களுக்கும் இலை போடவா?” என்று நான் கேட்டேன்.

“பசிக்கலை” என்றார்.

எங்கள் வீடுகளில் பசிக்கவில்லை என்று ஒருவர் சொன்னால் விடமாட்டோம். கையைப் பிடித்து இழுத்து, இரண்டு வாயாவது சாப்பிடுங்கள் என்று உட்கார வைத்துவிடுவோம். அவர் அதற்காகத்தான் நின்றார் என்று எனக்குத் தெரியும். அக்கா பொரியலை எடுத்துக்கொண்டு அவரைக் கடந்து போனாள். தனம் மோருக்கு உப்புப் போட்டுக் கலக்கினாள். நான் சோற்றுத் தட்டை எடுத்துக்கொண்டு, “அண்ணே, இன்னும் கொஞ்சம் போட்டுக்குங்க” என்று தாய்மாமன் பக்கம் போனேன். அவரை இன்னொரு தடவை யாரும் கூப்பிடவில்லை.